நழுவிய கயிறு

கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கவில்லை என்று ஒரு தாய் சொன்னால், அத்தனை நாளும் அவள் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்?

பல்கலைக்கழகத்தில் தத்துவம் எனக்குத் துணைப்பாடம். கவனத்துக்கு வராத பொருள்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கதவின் கீல், செருப்பின் வார், மூக்கின் மேலிருக்கும் கண்ணாடி. ஒழுங்காக இருக்கும்வரை இவை கண்ணில் படுவதில்லை, பழுதானால்தான் தெரிகின்றன என்று எழுதியிருந்தேன். விரிவுரையாளர் அதை வகுப்பில் வாசிக்கச் சொன்னார். அந்தப் பெருமை வெகுநாள் என்னுடன் இருந்தது.

இப்போது குருபோங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீடு பாயா ரும்புட்டில். நான்கு வீடு தள்ளி இருக்கும் அக்காவிடம் மகளை விட்டுச் செல்வேன். உறவு இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர் தொழில்.

முப்பதாம் நாள் மகளின் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு கட்டினோம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. வீட்டில் யார் மனமும் கோணக்கூடாது என்று சம்மதித்தேன். அக்கா தினமும் குளிப்பாட்டும்போது கயிற்றுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். இறுகிவிட்டது, தளர்த்திக் கட்டு என்று சொல்வார். இரண்டு முறை தளர்த்தினேன்.

மகளுக்கு எட்டு மாதம் நடந்தபோது ஒரு மாலை, அவளை என் கையில் கொடுத்தபடி அக்கா, "கயிறு நழுவுதும்மா" என்றார். சரி என்று தலையாட்டினேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் சொன்னார். "இடுப்புல நிக்கவே மாட்டுது, பாரு லா."

பெம்பர்ஸ் மாற்றும்போது அந்தக் கயிறு சிக்கிக்கொள்வது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன். ஒரு தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன்.

ஒன்பதாம் மாத ஊசிக்குக் கிளினிக் போனோம். தாதி எடை பார்த்தார். புத்தகத்தைப் புரட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். போன தடவையைவிடக் குறைந்திருந்தது. சிறுநீரைச் சோதித்த டாக்டர் கிருமித் தொற்று என்றார். பெரிதாகக் காய்ச்சல் காட்டாததால் தெரியாமல் இருந்திருக்கலாம், மருந்தில் சரியாகிவிடும் என்றார்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். இன்னொரு தாய் தன் பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்தார். அவர் முன்னாலேயே கேட்டேன்: "புள்ளைக்கு ஒழுங்கா சாப்பாடு கொடுக்கிறீங்களா, இல்லையாக்கா?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு தடவ சொன்னேனேம்மா, கயிறு நழுவுதுன்னு. புள்ள எளைச்சிருச்சுன்னு வாயால சொல்லக்கூடாது, அதான் அப்படிச் சொன்னேன். படிச்ச பொண்ணு, புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்."

என் கட்டுரை பொய் என்பது அந்த வாசலில்தான் தெரிந்தது. கயிறு பழுதாகவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஒருவர் விரல் வைத்துக் காட்டியும் எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளை மெலிவதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே பொருளை நானே வெட்டி எறிந்தேன். ஒன்றும் அறியாதவள் என்றால் மன்னிக்கலாம். நான் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள்.

மகள் தேறிவிட்டாள். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றார். முன்பெல்லாம் மாலையில் பிள்ளையைக் கொடுக்கும்போது ஏதாவது சொல்வார். இன்றைக்கு இடது காதையே தேய்க்கிறாள், கஞ்சியைத் துப்பினாள், தூக்கத்தில் சிணுங்கினாள். அப்போது நான் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி அரைக்காதில் கேட்டுக்கொள்வேன். இப்போது நான் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: "எல்லாம் ஓகே லா."

வேறு இடத்தில் விடவும் முடியாது. மகள் அவரைக் கண்டால்தான் தாவுகிறாள். புதுக் கறுப்புக் கயிறு ஒன்று வாங்கி இரண்டு வாரமாகக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அதை அக்காவிடம் கொடுத்துக் கட்டச் சொன்னால் நடிப்பு என்று நினைப்பாரோ? நானே கட்டினால் இன்னும் மோசமாகுமோ?

பிள்ளையைப் பிறர் கையில் விட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். அந்தச் சின்னச் சின்னப் பேச்சுகளை அவர் மறுபடியும் என்னிடம் சொல்ல நான் என்ன செய்ய வேண்டும்?