ஹாலில் மாட்டிய ஆறு

ஆலன் நகரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஓர் ஆற்றை மாட்டியிருந்தோம். பக்கத்து ஊரான பிளானோ போகும் வழியில் உள்ள பார்க்கில் வயதான வெள்ளைக்கார ஓவியர் ஒருவர் அங்கே ஓடும் கிரீக்கை, அந்தச் சிற்றாற்றை, அதன் கரையிலேயே நின்று வரைந்து விற்பார். வெயிலோ காற்றோ, வேலை வெளியில்தான். தன்னை இம்ப்ரஷனிஸ்ட் என்று சொல்லிக்கொள்வார். மரத்தை வரைவதில்லையாம், மரத்தின் மேல் விழும் அந்த நேரத்து வெளிச்சத்தைத்தான் வரைகிறாராம். கிட்டே போனால் படம் வெறும் திட்டுத்திட்டான சாயம். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் தண்ணீர் பளபளக்கும்.

அடுத்த தெரு ஆன்ட்டி கொலுவுக்கு வந்தபோது வந்தது வினை. பொம்மைகளை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டார். வாசல் பக்கம் ஓடினால் வீட்டில் இருப்பதெல்லாம் வெளியே போய்விடும், வாஸ்து அப்படி என்று சொல்லிவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் என் கணவரின் ஆபீஸில் அப்போது ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும். இல்லையென்றால் விசாவும் போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன். அந்தத் திட்டுகளில் ஓட்டமே பிடிபடவில்லை. என் கணவர் சிரித்தார்.

"ஒரு பெயின்டிங்தான் என் ஜாப டிசைட் பண்ணுமா?"

அப்படிச் சிரித்தவர் ஒரு நாள் படத்தைக் கழற்றி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். ஆணி லூஸாம். நான் ஆட்டிப் பார்த்தேன், அசையவே இல்லை. அன்றிலிருந்து எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். போனைக் கவிழ்த்து வைக்கிறார். ஷூவுக்கு அடியில் காய்ந்த மண். கார்ப்பெட் போட்ட ஆபீஸில் மண் ஏது? யாரோடாவது சுற்றுகிறாரோ என்றுகூட என் புத்தி போனது. கேட்கத்தான் பயம். கேட்டால் பதில் வந்துவிடுமே.

படத்தின் சங்கதியாவது தெளியட்டும் என்று ஒரு காலை பார்க்குக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். ஓவியரிடம் போனில் படத்தைக் காட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். இந்தியர் ஒருவரும் இதையேதான் கேட்டாராம். தினமும் காலையில் வந்து பாலத்துக்கு அப்பால் பெஞ்சில் உட்காருவாராம். அசையவே மாட்டார், வரைவதற்குத் தோதான ஆள் என்று சொல்லி, ஸ்டாண்டில் இருந்த ஈரப் படத்தைக் காட்டினார்.

மரங்கள், தண்ணீர், காலை வெயில். பெஞ்சில் முகமில்லாத ஒரு நீலத் திட்டு. பக்கத்தில் பளீரென்று ஓர் ஆரஞ்சுத் திட்டு. எங்கள் மகள் வேண்டாமென்று ஒதுக்கிய லஞ்ச் பேக் அது. அன்று காலையும் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்து, ஜிப் போட்டு என் கணவரிடம் கொடுத்தது நான்தான்.

பாலத்தைத் தாண்டிப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. காருக்குள் உட்கார்ந்து அழுதேன். கோபமும் வந்தது. வேலை போனதற்காக இல்லை. நான் கட்டிக் கொடுத்ததை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாரே, அதற்காக.

மாலை வழக்கமான நேரத்துக்கு வந்தார். டோல்வேயில் டிராஃபிக் என்றார். நான் படத்தை மறுபடி அதே ஆணியில் மாட்டியிருந்தேன். அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எந்தப் பக்கம் ஓடுது? நீங்கதான் டெய்லி பாக்கறீங்களே," என்றேன்.

ஆரஞ்சுப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

"அந்தத் தண்ணி ஓடவே இல்லம்மா," என்றார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, "அறுபதுல பாதி போயிடுச்சு," என்றார்.