அகத்திக்கீரையில் தயிர் திரட்டிய ரேணுகா மேடம்

செய்தி வந்தபோது என் கைகள் முழங்கை வரை பச்சையாக இருந்தன. பௌர்ணமிக்கு மறுநாள் காலை, அடி அண்ணாமலைக் கொட்டகையில் அப்போதுதான் கீரைச் சாறு பிழிந்து முடித்திருந்தேன். கொட்டகைக்குச் சொந்தக்காரரான சரசக்கா போனும் கையுமாக ஓடிவந்தார். "ரேணுகா மேடம் போயிட்டாங்களாம்பா. நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தாங்களாம், அவ்ளோதான்." நான் முதலில் அடுப்பைப் பற்றவைத்தேன். அப்புறம்தான் அழுதேன். மேடத்தைத் தெரிந்தவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒரு பால் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலையில் இருந்தவர் அவர். பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் அகத்திக்கீரைக் கட்டு வாங்கி மாட்டுக்குக் கொடுப்பார்கள். எத்தனை கட்டுதான் தின்னும் மாடு? முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மிச்சமெல்லாம் விடிந்ததும் குப்பை வண்டிக்குப் போய்விடும். அதைப் பார்த்த மேடம் நேராக டவுனில் இருக்கும் என் லேத் பட்டறைக்கு வந்தார். "பட்டறைக்காரரே, கரும்புச்சாறு மெஷின்ல கீரை புழிய முடியுமா?"

"யாருக்கு மேடம், டயட்டா?" என்றேன்.

"ஐயோ, கிண்டல் பண்ணாதீங்க! சாறைச் சூடு பண்ணா சத்தெல்லாம் தயிர் மாதிரி திரண்டு வரும். காயவெச்சா மீனுக்குத் தீவனம். சக்கை மறுபடி மாட்டுக்கே. மாடு வயித்துக்குள்ள செய்யறத நாம அண்டாவுல செய்யறோம், அவ்ளோதாங்க."

கண்கள் பளபளக்கப் பேசினார். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார்! வீட்டில் பெரிய ரகளை. புல்லைக் கசக்கவா படித்தாய் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

நான் ஒரு கரும்புச்சாறு மெஷினைக் கீரைக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தேன். சரசக்கா கொட்டகை கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. "என் மாடு அந்தச் சக்கையத் தின்னணும், பால் கம்மியாவக் கூடாது. இல்லன்னா காலி பண்ணிடுங்க."

முதல் முறை பிழிந்து முடித்ததும் யாரோ ராகு காலம் என்று ஞாபகப்படுத்தினார்கள். முதல் அடுப்பை ராகு காலத்தில் பற்றவைக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. மேடத்துக்கும்தான். காத்திருந்தோம். சித்திரை வெயில் காத்திருக்குமா? சாறு கறுத்து, கொட்டகை முழுக்க ஒரு நாற்றம், அப்பப்பா! மூக்கைப் பொத்திக்கொண்டு மேடம் சொன்னார்: "கீரைக்கு ஏதுங்க ராகு காலம்? இனிமே புழிஞ்சா பத்தவை. எமனே வந்தாலும் பத்தவை."

அடுத்த பௌர்ணமிக்கு அப்படியே செய்தோம். சூடு ஏற ஏற, அண்டாவில் பச்சைப் பசேலென்று கட்டி கட்டியாகத் திரண்டு மேலே வந்தது பாருங்கள்! மேடம் கரண்டியோடு குதித்தார். நானும் குதித்தேன். அதே ஜோரில் சக்கையைக் கொண்டுபோய் மாட்டின் முன் வைத்தோம். அது மோந்துகூடப் பார்க்கவில்லை. மேடத்தின் முகம் செத்துப்போனது. சரசக்கா நாங்கள் சாறு பிடிக்கும் குடங்களை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்துவிட்டார்.

பொழுது சாயும்போது மாடு தானாகவே கழுத்தை நீட்டிச் சக்கையை இழுத்தது. பாத்திரம் காலி! ராத்திரி முழுக்கப் பக்தர்கள் கொடுத்த கீரையைத் தின்ற மாட்டுக்குக் காலையில் எங்கிருந்து பசிக்கும்? இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலைப் பாலும் குறையவில்லை. சரசக்கா குடங்களைத் தானே உள்ளே எடுத்துவந்தார். மேடம் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார். "எல்லாரும் சிரிச்சாங்க பட்டறைக்காரரே. ஒரு மாடு என்னை நம்பிடுச்சிங்க."

இரும்பைத் தவிர வேறெதற்கும் உற்சாகப்பட்டவன் இல்லை நான். இந்த வயதில் என்னை அண்டாவைச் சுற்றிக் குதிக்கவைத்தார் அவர். அந்தக் குதிப்பை நான் வைத்துக்கொள்கிறேன். அதை வேறு யாருக்கும் தருவதாக இல்லை.

காரியம் முடிந்த மறுநாள், பழையதைப் போல இரண்டு மடங்கு பெரிய அண்டா ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன். சரசக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடமே இல்ல, இவ்ளோ பெருசு எதுக்குப்பா?" என்று கேட்டார்.

"வர்ற பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தியாம்க்கா" என்றேன்.