வெம்பக்கோட்டை அணையிலிருந்து தடுப்பணை வரை: நாலு பேருக்கான நடை

போன ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டை அணையிலிருந்து வைப்பாற்றுக் கரையோரமாகத் தடுப்பணை வரை நடந்துபோய்த் திரும்பினேன். நாலு பேர் போவதாக ஏற்பாடு. போனது நான் ஒருவன்தான்.

சிவகாசிப் பக்கம் குடும்பத்தோடு போக, அதிகம் செலவு வைக்காத இடம் எதுவும் இருக்கிறதா என்று இந்த வலைப்பதிவைப் படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கத்தில் ஆறு என்றாலே சிரிப்பார்கள். பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் மட்டும் விளைகிற பூமி என்று நினைப்பு. ஆறு இருக்கிறது. வருடம் பூராவும் தண்ணீர் ஓடாது, அவ்வளவுதான். நடப்பதற்குத் தண்ணீர் கட்டாயமும் இல்லை.

நான் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் சுமதி, நான் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஆலங்குளத்தில் எலக்ட்ரீசியன் வேலை பார்க்கிறவரைத் தானாகவே கட்டிக்கொண்டாள். நாலு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. பேத்திக்கு மூன்று வயது. நான் பார்த்ததில்லை. என் மனைவி அதற்கும் முன்னாலேயே தவறிவிட்டாள். திருத்தங்கலில் மாடி வீடு, கீழே என் காலண்டர் கம்பெனி ஆபீஸ், மேலே நான் மட்டும்.

நடுவில் நின்று பேசியது சாத்தூரில் இருக்கும் என் அக்காதான். "ஏலே, ஒன் வீட்டுக்கு அவ வரமாட்டா. அவ வீட்டுக்கு நீ போகமாட்டே. எங்கனயாச்சும் பொதுவா ஒரு எடம் பாரு" என்றாள். பதினான்கு வயதில் பிரஸ்ஸில் பேப்பர் கட்டுச் சுமந்து ஆரம்பித்து, இன்று பத்து ஊர்ப் பார்ட்டிகளோடு பேரம் பேசுகிறவன் நான். பொதுவான இடம் பார்ப்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஆலங்குளம், இந்தப் பக்கம் திருத்தங்கல். நடுவில் வெம்பக்கோட்டை. இன்னொரு காரணமும் உண்டு. உட்கார்ந்து பேசினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். நடந்துகொண்டே பேசினால் பாதையைப் பார்த்துக்கொள்ளலாம். பதினாலாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அணை முகப்பில் என்று மூன்று வாரம் முன்பே அக்கா மூலம் சொல்லி அனுப்பினேன். சுமதியும் சரி என்றாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திருத்தங்கலில் டவுன் பஸ் ஏறினேன். மூன்று ரூபாய். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டலில் புளிசாதம், தயிர்சாதம், ஆமவடை வைத்து நாலு பொட்டலம் கட்டச் சொன்னேன். குழந்தைக்குக் காரமில்லாமல் தனியாகத் தயிர்சாதம். எட்டு மணி பஸ்ஸில் வெம்பக்கோட்டைக்கு ஏழு ரூபாய். பதினேழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம்.

இந்தப் பயணத்துக்கு ஞாயிறுதான் சரி. மற்ற நாளில் தாயில்பட்டி பக்கம் பட்டாசு ஆலைகளுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸை அடைத்துக்கொள்ளும். ஞாயிறன்று ஜன்னலோரம் கிடைக்கும். செம்மண் காட்டில் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கிற சின்னச் சின்ன ஷெட்டுகள், நடுவில் வேப்பமரங்கள். தீபாவளி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லாம் பூட்டிக் கிடந்தது.

ஸ்டாப்பிலிருந்து அணைக்கு ஆட்டோ. ஐம்பது கேட்டார், முப்பதுக்கு முடித்தேன். எத்தனை பேர் என்று கேட்டார். நாலு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "மத்த மூணு பேரும் பைக்குள்ளயா இருக்காக அண்ணாச்சி?" என்றார். அவர்கள் அந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்றேன். அப்படியானால் போகும்போது தன்னையே கூப்பிடச் சொன்னார். நாலு பேர் என்றால் நாற்பது ரூபாயாம்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் அணை முகப்பில் நின்றேன். ஆலங்குளத்துப் பக்கமிருந்து வருகிற பஸ் ஸ்டாப்பில் ஹாரன் அடித்தால் அங்கே கேட்கும். மூன்று பஸ் கேட்டது. யாரும் வரவில்லை. மகளுடைய நம்பர் என்னிடம் இல்லை. அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, இருக்கன்குடி கோவிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு மேல் அங்கே நிற்பது எனக்கே கூச்சமாக இருந்தது. சரக்கு வராது என்று தெரிந்த பிறகும் லாரி ஷெட் வாசலில் நிற்கிற ஆள் மாதிரி. வந்தது வந்தோம் என்று நடந்தேன்.

பாதை சுலபம். அணைக்கரையை விட்டு இறங்கினால் இடது கரையில் மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு தடம். மேடு பள்ளம் இல்லை. வயதானவர்கள் செருப்போடு நடக்கலாம். கருவேலம் கொஞ்சம், அதை விட்டால் பனை. தடுப்பணை வரை மூன்று கிலோமீட்டர். குழந்தைகளோடு போனால் ஒரு மணி நேரம், தனியாகப் போனால் நாற்பது நிமிடம். நான் முப்பத்தைந்து நிமிடத்தில் போய்விட்டேன். பேச ஆளில்லாவிட்டால் கால் தானாக வேகம் பிடிக்கும்.

இப்போது ஐப்பசி மழையில் ஆற்றில் பாதி அகலத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. கணுக்கால் ஆழம்தான், ஆனால் ஓடுகிற தண்ணீர். தையும் மாசியும் இன்னும் நல்லது. கரை காய்ந்து, வெயில் உறைக்காமல் இருக்கும். சித்திரையில் ஆறு வெறும் மணல். காலை ஆறு மணிக்கே போய்விட்டால் மணலிலேயே நடக்கலாம், கையால் தோண்டினால் ஊற்று வரும், பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. ஆடியில் மட்டும் காற்று. கண்ணில் மண் விழும், தலையில் துண்டு கட்டிக்கொண்டு போங்கள். எந்த மாதம் போனாலும் குடிதண்ணீர் கையில் வேண்டும். வழியில் கடை கிடையாது.

தடுப்பணையில் நல்ல கூட்டம். தீபாவளி போனஸ் கையில் இருக்கிற ஆலைக் குடும்பங்கள். தண்ணீர் விழுகிற சிமென்ட் சரிவில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு இளைஞர் கேமராவை என் கையில் கொடுத்து, குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, "நீங்க மட்டுமா வந்திருக்கீக?" என்று அவருடைய மனைவி கேட்டார். "பின்னால வாராங்க" என்றேன். அவர்கள் கிளம்பும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். மூன்றைத் திரும்பச் சுமந்தேன்.

அணை முகப்பில் ஒரு அம்மா அடுப்புப் போட்டு மீன் பொரித்து விற்கிறார். அணையில் பிடிக்கிற கெண்டைதான், இரண்டு துண்டு பத்து ரூபாய், தாராளமாக வாங்கலாம். காலையில் நான் நின்றபோது அவர் கடை போட்டிருக்கவில்லை. மூன்று பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்ய என்று அவரிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டாமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதென்ன அண்ணாச்சி, நேத்தும் சோறு, இன்னைக்கும் சோறு. ஊருல சமைக்கிறதெல்லாம் எனக்குத்தானா?"

நேற்று யார் கொடுத்தது என்று சும்மாதான் கேட்டேன்.

"ஒரு புள்ள. வீட்டுக்காரரும் சின்னக்குட்டியும் கூட இருந்தாக. இந்தா, இந்தக் கல்லுலதான் பதினோரு மணி மட்டும் உக்காந்திருந்தாக. அப்புறம் தூக்குவாளியத் தொறந்து அம்புட்டையும் எங்கிட்டக் குடுத்துட்டு, எங்கப்பா வரல, நீங்களாச்சும் சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. எலுமிச்சஞ்சோறு. நல்லா இருந்துச்சு."

செல்போனை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். பதினைந்து.

இதை எங்கள் தொழில்காரர்களால்தான் புரிந்துகொள்ள முடியும். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவோம். அன்றிலிருந்து ஆர்டர் எடுக்கிற சீசன். என் மேசைக்கு எதிரே சுவரில் தொங்குவது அடுத்த வருடம். பார்ட்டிகளோடு பேசுவது அடுத்த வருடத்துப் பண்டிகை, அடுத்த வருடத்து முகூர்த்தம். இந்த வருடம் எங்கள் கண்ணில் படுகிற இடத்திலேயே இருக்காது. அக்காவோடு போனில் பேசிக்கொண்டே, ஞாயிறு எத்தனாம் தேதி என்று நிமிர்ந்து பார்த்தேன். பதினாலு என்றிருந்தது. சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் அது ஞாயிறு. இந்த வருடம் சனி. அக்கா தேதியை மட்டும் சொல்லியிருக்கிறாள், நான் கிழமையை மட்டும் மனதில் வைத்திருந்தேன். சனிக்கிழமை முழுக்க மதுரையில் ஆல்பம் காட்டிக்கொண்டிருந்தேன்.

அக்காவை மறுபடி கூப்பிட்டேன். நாலாவது முறை எடுத்தாள். கோவிலுக்கெல்லாம் போகவில்லை. "நேத்து அவ போனப் போட்டு அழுதா. ஒன்கூடப் பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன்லே. இனி நடுவுல நான் கெடையாது" என்று சொல்லிவிட்டு நம்பரைக் கொடுத்தாள். அணைக்கரை ஏறிப்போய், யாரும் இல்லாத இடம் பார்த்து நின்று அடித்தேன்.

"யாரு?"

"அப்பா பேசுறேன்."

"அவரு லீவு போட்டுட்டு வந்தாருப்பா" என்றாள். "ஒரு நாள் சம்பளம் போச்சு. அது போகட்டும். பாப்பாகிட்ட என்னத்தச் சொல்ல?"

லோடு தாமதமானால் காரணம் சொல்லக் கூடாது என்பது என் வழக்கம். யாரும் நம்பமாட்டார்கள். இருந்தாலும் சொன்னேன், காலண்டர் தொங்குகிற சுவரிலிருந்து மதுரை வரை முழுவதும். அவள் வாயைப் போனிலிருந்து விலக்கி, "ஏங்க, அடுத்த வருசக் காலண்டரப் பாத்துத் தேதி சொல்லியிருக்காக" என்று சொல்வது கேட்டது. ஒரு ஆம்பிளைச் சிரிப்பு கேட்டது. நாலு வருடத்தில் என் மருமகன் குரலாக நான் கேட்டது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

அவள் சிரிக்கவில்லை. "நெசமாவே இருக்கலாம். ஆனா நேத்து நாங்க அந்தக் கல்லுல உக்காந்தது உக்காந்ததுதான. யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அதே ஆட்டோக்காரர்தான் வந்தார். இந்த முறை எத்தனை பேர் என்று கேட்கவில்லை. சிவகாசி வந்து, டவுன் பஸ் பிடித்து, மூன்று மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். முதல் வேலையாக ஆபீசில் இந்த வருடக் காலண்டர் ஒன்றைத் தேடினேன். காலண்டர் விற்கிறவன் ஆபீசில் அது இல்லை. பக்கத்து மளிகைக்கடையில் கேட்டு வாங்கி மாட்டினேன்.

போகிறவர்களுக்கு: ஒரு ஆளுக்குப் பஸ் போக வர இருபது ரூபாய், ஆட்டோ அறுபது. சாப்பாடு கட்டிக்கொண்டு போவதே நல்லது. தடுப்பணைச் சரிவில் பாசி இருக்கிறது, சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்தே விடுங்கள். ஆலை வேலியோரம் புகை பிடிக்காதீர்கள், யாராயிருந்தாலும் அடிக்க வருவார்கள், வரவும் வேண்டும். சந்திக்கிற இடம் பேசும்போது கிழமை, தேதி இரண்டையும் சொல்லுங்கள். கூட வருகிறவர்களின் நம்பர் உங்கள் போனில் இருக்கட்டும். தனியாகப் போகிறவர்களுக்கும் பாதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

திங்களும் செவ்வாயும் போன் வரவில்லை. ஆர்டர் பேசுகிற பார்ட்டிகளையெல்லாம் பாதியில் நிறுத்திவிட்டு, மணி அடித்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். புதன்கிழமை மத்தியானம் சுமதி கூப்பிட்டாள். குசலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள். அதில் அவள் என் பெண்தான்.

பேசி முடித்தது இது. வரும் ஞாயிற்றுக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, காலை ஒன்பது மணி. சாப்பாடு அவள் கொண்டுவருவாள், ஹோட்டல் பொட்டலம் கூடாது. குழந்தைக்கு நகை, உடுப்பு என்று எதையும் நான் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. மருமகனைக் கம்பெனிக்கு வா என்று கூப்பிடக் கூடாது. அணையிலிருந்து தடுப்பணை, திரும்ப அணை, அதோடு அவரவர் பஸ். வீட்டுக்கு வருகிற பேச்சு இப்போதைக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். என் பக்கத்தில் ஒன்றுதான் கேட்டேன்: திரும்பி வரும்போது குழந்தையை மூன்று கிலோமீட்டரும் நான் தூக்கிக்கொள்கிறேன் என்று. தெரியாத ஆளிடம் போகமாட்டாள் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் பாதித் தூரத்துக்கு முடிந்தது, அதுவும் பாப்பா சம்மதித்தால்.