கறுப்பு பானெட்டில் வெள்ளைத் திட்டுகள்

நான் யாரையும் லேசில் நம்பாத ஆள். அது பிறவிக் குணமா, தொழிலில் ஒட்டிக்கொண்டதா என்று எனக்கே தெரியாது. விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட், பாலீஷ் வேலைக்கு மேஸ்திரியாக இருந்தேன். யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. சீமைச் சாமான் எதுவும் வருவதில்லை. வந்திருக்கிறது என்று எவனாவது காதோடு சொன்னால் அதில் பாதி போலி. இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதுவதால், வண்டி பளபளக்கப் பூசும் வேக்ஸ் மெழுகைப் பார்த்து எடுப்பதையும் சொல்கிறேன், அந்த வேலையில் நான் செய்த ஒரு கெட்ட காரியத்தையும் சொல்கிறேன்.

1. டப்பா

திண்டிவனத்தில் பெரிய பிராக்டிஸ் உள்ள டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை ஸ்டேஷனிலிருந்து தன்னுடைய கறுப்புக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்று அவருக்கு ஆசை. வண்டியில் முகம் தெரிய வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்.

கறுப்பு வண்டி ஒன்றையும் மறைக்காது. வேறு நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடக் கறுப்பில் பல்லை இளிக்கும். அதனால் வேக்ஸ் வாங்க நானே கடைக்குப் போனேன்.

"அசல் சீமை டப்பா மேஸ்திரி. கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போ" என்றார் கடைக்காரர்.

"நான் கண்ண மூடினா உனக்கு சௌகரியம். மொதல்ல தொற."

முதலில் மோந்து பார்க்க வேண்டும். டர்பன்டைன் நெடி அடிக்கலாம், மண்ணெண்ணெய் நாற்றம் வரக்கூடாது. பிறகு ஒரு துளியை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்க்க வேண்டும், மணல் இருந்தால் நெருடும். கடைசியாகக் கண்ணாடித் துண்டில் தடவி, காயவிட்டுத் துடைக்க வேண்டும். நல்ல வேக்ஸ் உலர்ந்து சுத்தமாக வந்துவிடும், போலி காயாமல் எண்ணெயாக ஈஷிக்கொள்ளும். முதல் டப்பா ஈஷிக்கொண்டது. இரண்டாவதில் மெழுகுவத்தியை உருக்கி பூட் பாலீஷைக் கலந்திருந்தார்கள்.

"கறுப்பு வண்டிக்குத்தானே போடப் போற? கறுப்பா இருந்தா இன்னா?" என்று கேட்டார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

மூன்றாவது டப்பா தேறியது. இவ்வளவு கெட்டிக்காரன்தான் மறுநாள் துணியில் கோட்டை விட்டேன்.

2. ஷெட்டில்

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை டாக்டர் வீட்டு ஷெட்டில் வேலையைத் தொடங்கினேன். வேக்ஸ் வெயிலில் போடக்கூடாது. வண்டியைக் கழுவி, ஈரம் ஒற்றி, தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது மெல்லிசாகப் பூச வேண்டும். கதவு ஒன்று, மட்கார்டு ஒன்று என்று ஒவ்வொரு பாகமாக முடித்துக்கொண்டு போக வேண்டும்.

டாக்டரின் டிரைவர் சின்னப்பன், கழுவத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தான். பத்து வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவன். எனக்கு அவன்மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு கண். நாங்கள் பாலீஷ் போட்டுவிட்டுப் போன பிறகு, மண்ணெண்ணெயில் மல்லாட்டை எண்ணெயை, அதாவது கடலை எண்ணெயை, கலந்து ஒரு துடை துடைத்து, 'பளபளப்பு என் கைவேலை' என்று முதலாளியிடம் பேர் வாங்குகிற டிரைவர்கள் உண்டு. மறுநாளே தூசியெல்லாம் அதில் ஒட்டும், பழி எங்கள்மேல் விழும்.

"நான் போனப்புறம் வண்டிய எவனும் தொடக்கூடாது, தெரியுதா?" என்றேன்.

"எவனும்னா யாரு மேஸ்திரி? இங்க நான் ஒருத்தன்தான் கீறேன்" என்றான். முகம் சுண்டிவிட்டது. சொன்னது நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டருக்கு என்மேல் சந்தேகம். கடைசித் தேய்ப்புக்கு என் பழைய துணியை எடுத்ததும், "உங்க ஒர்க்‌ஷாப் கந்தல்ல என்ன மண்ணு இருக்கோ, யார் கண்டா? இதுல துடைங்க" என்று சலவையிலிருந்து அன்றுதான் வந்திருந்த மல் வேட்டி ஒன்றைக் கொடுத்தார். விறைப்பாக இருந்தது. இரண்டு கையாலும் கசக்கி மெதுவாக்கிக்கொண்டேன். மற்ற பாகங்களை என் துணியாலேயே முடித்துவிட்டு, பார்க்கிறவர் கண் முதலில் விழும் பானெட்டையும் முன் மட்கார்டுகளையும் மட்டும் அந்த வேட்டியால் தேய்த்தேன். ஷெட்டின் மங்கலான வெளிச்சத்தில் பிரமாதமாகத்தான் தெரிந்தது.

3. நீலம்

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அன்று காலை நான் போனபோது, பூச்சரம் கட்டுவதற்காக வண்டியை வெளியே நிறுத்தியிருந்தார்கள். நல்ல பனி. வெயில் ஏறிப் பனி காய்ந்ததும் பானெட்டிலும் முன் மட்கார்டுகளிலும் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைத் திட்டுகள். ரயில் வர இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

"இது என்ன மேஸ்திரி? போலி வேக்ஸா?" என்று டாக்டர் கேட்டார்.

"வேக்ஸ் சுத்தம் சார். மேல யாரோ இன்னாத்தயோ தடவிக்கீறாங்க."

டாக்டர் ஈரப் பஞ்சால் ஒரு திட்டைத் துடைத்தார். உள்ளேபோய் டிங்ச்சர் அயோடின் சீசாவைக் கொண்டுவந்து பஞ்சில் ஒரு சொட்டு விட்டார். பஞ்சு நீலமாகிவிட்டது.

"கஞ்சிப் பசை இருந்தாத்தான் இப்படி நீலமாகும். வண்டியில கஞ்சி எப்படி வந்தது?"

முதல் நாள் மத்தியானம் சின்னப்பன் முன் மட்கார்டுக்குப் பக்கத்தில் நின்று தூக்குச்சட்டியிலிருந்து நொய்க்கஞ்சி குடித்ததைப் பார்த்திருந்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கையை நீட்டினேன்.

"நேத்து இவன்தான் சார் இங்க நின்னு கஞ்சி குடிச்சிக்கினு இருந்தான்."

"கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் சார் வந்தேன். குடிச்சப்புறம் வண்டிய நான் தொடவே இல்ல. புள்ளங்க மேல சத்தியம் சார்" என்றான் சின்னப்பன்.

பந்தலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அவமானத்தில் டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "சாவியக் குடுத்துட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார். சின்னப்பன் சாவியைப் பானெட்டின்மேல் வைக்கவில்லை. டாக்டரின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான்.

ஒரு மணி நேரத்தில் திட்டுகளைத் துடைத்து, என் துணியால் மறுபடி வேக்ஸ் போட்டுக் கொடுத்தேன். டாக்டரே வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். திருடனைப் பிடித்துக் கொடுத்தவன்போல நான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டேன்.

4. வாளி

வேட்டியை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். விழுப்புரத்துக்கு வந்து இரண்டு நாள் கழித்து, துவைக்கலாம் என்று அதை வாளியில் ஊறப் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. வண்ணார் வேட்டிக்குக் கஞ்சி போட்டுத்தான் கொடுப்பார் என்பது ஊரில் யாருக்குத் தெரியாது? அந்தக் கஞ்சிதான் நான் கசக்கக் கசக்கப் பொடியாகி, தேய்த்தபோது வேக்ஸில் போய் உட்கார்ந்து, பனியில் ஊறிப் பூத்திருக்கிறது.

அன்றே கிளம்பினேன் என்று எழுத ஆசைதான். நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். ஐந்தாம் நாள் பாசஞ்சர் ஏறித் திண்டிவனம் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர், "வேட்டியக் குடுத்தது நான்தானே. சின்னப்பனக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

அவன் பஸ் ஸ்டாண்டில் கரி பஸ்ஸுக்குக் கரி உடைத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கரி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நான் வரல மேஸ்திரி" என்றான்.

"டாக்டரே கூப்புடறாரு. இங்க கரியில ஏன் கெடந்து பேஜார் படற?"

"வந்து ஓட்டறேன்னு வெய்ங்க. நாளைக்கி ஒரு கீறல் வுழுந்தா மொதல்ல யார் கையப் பாப்பாங்க?"

"அன்னைக்கி நடந்ததுக்கு அந்தத் துணிதாம்பா காரணம். துணியில இருந்த கஞ்சி."

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். "துணியா மேஸ்திரி என்னப் பாத்துக் கைய நீட்டிச்சு?"

அவன் மறுபடி கரியை உடைக்க ஆரம்பித்தான்.

புதுத் துணி, சலவைத் துணி எதுவானாலும் மூன்று தண்ணீரில் அலசாமல் கறுப்பு வண்டியில் வைக்காதீர்கள். வேலை கெட்டால் அடுத்தவன் கையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். இதெல்லாம் யாரும் சொல்லிவிடலாம். அன்று நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் திண்டிவனம் போனேன். கடைசிவரை துணியைப் பற்றியே பேசிவிட்டு ரயிலேறி வந்துவிட்டேன்.