காற்றுக்கு நான்கு கம்பி

அறுபதுகளின் முற்பகுதி. திகதியை எழுதிவைக்கத் தவறிவிட்டேன். மாசி மகத்துக்கு முந்திய கிழமை என்பது மட்டும் நிச்சயம். உருத்திரபுரத்தில் அக்காவின் வயல் வெட்டி முடிந்து, கதிர்கள் அப்படியே வயலில் கிடந்தன. ஈரம் முழுதாகக் காயவில்லை. மழைக்குத் தப்பவைக்கக் கட்டுக்கட்டாகக் குவித்துச் சூடு வைத்தால், அந்தப் போருக்குள்ளே நெல் புழுங்கிக் கெட்டுவிடும். வெளியே விட்டு மழை வந்தால் முளைத்துவிடும். அந்த வருடச் சோறு அது.

என்னிடம் ஒரு பெட்டி இருந்தது. மூளையின் நரம்புகளைப் போலக் கற்றுக்கொள்ளும் இயந்திரத்தைப் பற்றி ஒரு சஞ்சிகையில் வாசித்துவிட்டு, பழைய ரேடியோத் திருகுகளையும் ஒரு டோர்ச் பல்பையும் வைத்துக் கட்டியது. காற்று, முகில், ஈரப்பதத்தைக் காட்டும் உப்பின் கசிவு மூன்றையும் மின்சாரமாக்கி உள்ளே அனுப்புவேன். மழை வருமென்றால் பல்ப் எரிய வேண்டும். அது பிழையாகச் சொன்ன நாட்களில் திருகுகளைச் சற்று நகர்த்துவேன். அதுதான் அதன் படிப்பு.

“உன்ர பெட்டி என்ன சொல்லுது தம்பி?” என்றார் அக்கா.

“மழை இல்லையாம்.”

அத்தான் சிரித்தார். “காத்து எங்கையிருந்து வருகுதெண்டு அதுக்குத் தெரியுமோ?”

பகிடிதான். ஆனால் அது என்னை இருக்கவிடவில்லை. காற்றின் திசையை உள்ளே கொடுக்க ஒரே திருகு வைத்திருந்தேன்: வடக்கு வாடைக்கு ஒன்று, கிழக்குக் கொண்டலுக்கு இரண்டு, தெற்குச் சோளகத்துக்கு மூன்று, மேற்குக் கச்சானுக்கு நான்கு. அன்று வீசியது வடமேற்குக் காற்று. நான்குக்கும் ஒன்றுக்கும் நடுவென்று இரண்டரையில் திருகியிருந்தேன். பெட்டிக்கு அது தென்கிழக்கு!

நான்கு காற்றுக்கும் தனித்தனியே நான்கு கம்பி இழுத்தேன். நடுவில் வீசினால் இரண்டு கம்பியிலும் பாதிப் பாதி. பிறகு கொப்பியில் குறித்திருந்த கழிந்த நாட்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து மறுபடி படிப்பித்தேன். போன மழைகளெல்லாம் சத்தமில்லாமல் அந்த வெயிலுக்குள் வந்து போயின. இரணைமடுக் குளத்துப் பக்கம் முகில் அசையாமல் நின்றது. கம்பிகளுக்குள் காற்று மெல்ல நடப்பது போலிருந்தது எனக்கு.

பொழுது சாய, பல்ப் மங்கலாக எரிந்தது. அக்கா குனிந்து பார்த்தார்.

“அரைவாசிதானே எரியுது?”

“ஓம். அதுக்கும் நிச்சயமில்லை.”

“அப்ப அரைவாசியைச் சூடு வைப்பம்.”

“பெட்டியிட்டைக் கேட்டு வயல் செய்யிற காலம்!” என்றபடியே அத்தான் முதற் கதிர்க்கட்டைத் தூக்கினார்.

விடியப்புறம் மழை பெய்தது. சூட்டிலிருந்த பாதி தப்பியது; வெயில் வந்ததும் பிரித்துக் காயவிட்டோம். நனைந்த மற்றப் பாதியை, முளைக்கமுன்னம், அத்தான் அடித்து நெல்லாகப் பிரிக்கப் பிரிக்க, அக்கா அண்டாவில் போட்டு அவித்தார். நான் அடுப்புக்கு விறகு தள்ளினேன். முற்றமெல்லாம் ஆவி. அந்த வருடம் எங்களுக்குப் பாதி பச்சையரிசி, பாதி புழுங்கல்.