அவசரத்துக்கு ஒரு மடக்குக் கத்தி

போன வாரம் பெருங்களத்தூரில் என் ஸ்கூட்டியின் பின்சக்கரத்தில் தங்கையின் துப்பட்டா சுற்றிக்கொண்டு அவள் கழுத்தை இறுக்கிவிட்டது. இளநீர்க்காரர் ஒருவர் அரிவாளோடு ஓடிவந்து துணியை அறுத்தார். அவர் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அதனால் இன்று தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடைக்குப் போய் மடக்குக் கத்தி கேட்டேன்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்து, பெரியதைக் காட்டினார். "இதுல பன்னெண்டு ஐட்டம் கீதும்மா. ஸ்குரூ டிரைவர், ஓப்பனர், ரம்பம், எல்லாம் கீது."

"அண்ணா, அவசரத்துல துணிய அறுக்கணும். அது போதும்."

அந்தப் பெரிய கத்தியை நகத்தால் இழுத்துத் திறக்கப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது. இரண்டாவது உடனே திறந்தது. ஆனால் என் துப்பட்டா நுனியில் வைத்து அறுத்தபோது வழுக்கிக்கொண்டு போனது.

அவர் பதறிப்போனார். "இன்னாம்மா, நல்ல துணிய கிழிச்சிக்கினு! இந்தா, இத வெட்டிப் பாரு" என்று தோளில் கிடந்த துண்டையே நீட்டினார்.

மூன்றாவது கத்தி ஒரு விரல் நீளம்கூட இல்லை. அதிலிருந்த குட்டிக் கத்தரி துண்டைச் சரக்கென்று வெட்டியது. கண்ணை மூடிக்கொண்டே அதை மூன்று முறை பிரித்து மடக்கினேன். கை தடுமாறவில்லை. அதையே வாங்கிவிட்டேன்.

கத்தியைக் கைப்பையில் போட்டு, வழக்கம்போலக் கைப்பையை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டி, மேலே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவசரத்தில் இதை எப்படி எடுப்பேன்?

தோழிகளே, சுடிதாருக்கு உறுதியான பாக்கெட் வைத்துத் தைக்கிற டெய்லர் தாம்பரம் பக்கம் யாரையாவது தெரியுமா? சீக்கிரம் சொல்லுங்கள். நாளைக்கும் தங்கை என் பின்னால்தான் உட்கார்ந்து வருவாள்.