இடை காணாமல் போன கடிதம்

என் அக்காவின் குரலுக்குப் பயப்படாதவர் எங்கள் ஊரில் யாருமில்லை. ரயில் நிலையத்தில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று பத்தொன்பது வருடங்களாக மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தான். கனிவெல்லாம் மைக்கோடு சரி. வீட்டில் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பெட்டி படுக்கையோடு கிளம்பி நடைமேடைக்குப் போய் நின்றுவிடுவார் என்று நான் கிண்டல் செய்வேன். "உனக்கு மட்டும் வாய் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்டா" என்பாள். அதுவும் உண்மைதான். நான் நிலையத்துக்கு எதிரே சலூன் வைத்திருக்கிறேன். வாய் இல்லாமல் அந்தத் தொழில் ஓடுமா?

அவள் வேலை செய்யும் அறையை நீங்கள் பார்க்க வேண்டுமே! துணி அலமாரியை நிமிர்த்தி வைத்துக் கதவு போட்ட மாதிரி இருக்கும். ஒரு மைக், ஒரு தண்ணீர்ச் சொம்பு, ஆணியில் குத்திய துண்டுச் சீட்டுகள். ஜன்னல் வழியாக வண்டியின் கடைசிப் பெட்டி மட்டும் தெரியும். வண்டி போய்விட்டது என்பதை மட்டும் அவள் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். மற்றதெல்லாம் சீட்டைப் பார்த்துத்தான்.

சீட்டு விஷயத்தில் அக்கா ராட்சசி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் யாரோ ஒரு மகராசன் படியிலிருந்தே "அந்த வண்டி ரத்தும்மா" என்று கத்த, இவளும் நம்பி அறிவித்துவிட்டாள். முந்நூறு பேர் மூட்டை முடிச்சோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வண்டியோ நாற்பது நிமிடம் தாமதமாக ஜம்மென்று வந்து, ஒரு ஈ காக்கை இல்லாமல் கிளம்பிப் போனது. அன்றிலிருந்து நிலைய அதிகாரியே வந்து தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரே பதில்தான்: "எழுதிக் குடுங்க சார். நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அத்தான் ஒரு காலத்தில் வேலை தேடி வெளியூர் போனார். வேலை கிடைத்ததோ இல்லையோ, இன்னொரு குடும்பம் கிடைத்துவிட்டது. அதைப் பற்றி அக்கா என்னிடம் ஒரு தடவைதான் பேசினாள்: "அந்த வண்டி ரத்துடா. விடு." இரண்டு வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அந்தக் குழந்தைக்குப் பதினைந்து வயதாகி, பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டது. வீட்டில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் குபீர். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. துக்க வீட்டுக்குக் கூட்டிப்போகவே பயப்படுவோம். மற்றபடி தங்கமான பெண். படிப்பிலும் சுட்டி.

பள்ளியின் தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கஞ்சி சார். சட்டைக்கு அவ்வளவு கஞ்சி. மடக்கினால் உடையும். அந்தத் திங்கட்கிழமை காலை மண்டபத்தில் நானூறு பிள்ளைகளை நிற்க வைத்து அவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். முந்தின நாள் நல்ல மழை. மண்டபத்துக் கூரை பழையது. "ஒழுக்கம் என்பது மேலேயிருந்து வரவேண்டும்!" என்று அவர் விரலை உயர்த்த, மேலேயிருந்து ஒரு சொட்டு, சரியாக வழுக்கை நடுவில், டொக்! மண்டபம் மூச்சை அடக்கியது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். மனுஷன் அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா? "சொட்டுச் சொட்டாக நமக்குள் இறங்க வேண்டும்" என்றார். டொக்!

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? குபீர். அவளைத் தொட்டு நானூறு பேரும் சிரித்துவிட்டார்கள். நானூறு பேரை வெளியே அனுப்ப முடியுமா? முதலில் சிரித்தவளைப் பிடித்தார்கள்.

பள்ளி குமாஸ்தா, எப்போதும் பசைப்புட்டியோடு திரிவதால் பசை சார், அக்காவுக்குப் போன் போட்டார். "உங்க பொண்ண சஸ்பெண்ட் பண்ணியாச்சும்மா. மூணு நாளைக்கு அனுப்பாதீங்க."

"என்ன காரணம்னு எழுதிக் குடுங்க சார்."

"போன்லயே சொல்லிட்டேனேம்மா."

"போன்ல சொன்னா நான் ரயிலையே நிறுத்த மாட்டேன். பொண்ணையா நிறுத்துவேன்? எழுதிக் குடுங்க."

மறுநாள் கடிதம் வந்தது. அந்தப் பள்ளியின் அச்சு எந்திரம் வலது ஓரத்தைத் தின்றுவிடும். எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். வரிகளின் கடைசி எழுத்துகளை நாமே போட்டுப் படித்துக்கொள்வோம். ஆனால் இந்தத் தடவை அது தின்றது, இடை நீக்கம் என்பதில் முழுதாக முதல் சொல்லை. "இடை" வரியின் கோடியில் மாட்டிக்கொண்டு காணாமல் போக, அடுத்த வரி இப்படித் தொடங்கியது: "நீக்கம் செய்யப்படுகிறார்." அதன் கீழே கஞ்சி சாரின் கையெழுத்து. படிக்காமல் போட்டிருக்கிறார் என்று அந்தக் கையெழுத்தின் வேகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"அக்கா, இடையைக் காணோம்!" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குபீரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் கடிதத்தை மறுபடி படித்தேன்: இடை போனால் அது மூன்று நாள் இல்லை, ஒரேயடியாக வெளியே.

அக்கா கடிதத்தோடு பள்ளிக்குப் போனாள். நானும் பின்னாலேயே. பசை சார் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏனென்றால் மனுஷன் கடமைவீரர். கோப்பிலிருந்த நகலிலும் இடை இல்லை. தானே அடித்த கடிதம்தான்; இருந்தாலும் காகிதம் சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. "நீக்கம்" என்று பார்த்ததும் பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டார். பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கல்வி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அதில் பெயர் இல்லாவிட்டால் தேர்வு இல்லை. ஒரு வருடம் போச்சு.

"ஒரு எழுத்துப் பிழை, அவ்வளவுதான சார். திருத்திக் குடுத்துடுங்க" என்று நான் குழைந்தேன். கஞ்சி சார் முகம் சட்டை மாதிரியே விறைத்தது. தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதைக் குமாஸ்தா முன்னால், அதுவும் ஒரு முடி வெட்டுகிறவன் முன்னால், ஒப்புக்கொள்வதா?

"போட்ட கையெழுத்து போட்டதுதான். யோசிச்சுதான் போட்டேன்" என்றார்.

அக்கா மேசையில் கையை ஊன்றினாள். "லேட்டுன்னு வாயால சொல்லிட்டு, கேன்சல்னு சீட்டு குடுத்தா, பிளாட்பாரத்துல நிக்கிறவ என்ன சார் செய்வா? என் பொண்ணு நிக்கிறா சார் அங்க!" வராந்தாவில் ஒரு வகுப்பே எட்டிப் பார்த்தது. கஞ்சி சார் அசையவில்லை.

கடைக்கு வந்தபோது நாற்காலியில் வக்கீல் குமாஸ்தா காத்திருந்தார். வாரத்துக்கு இரண்டு தடவை சவரத்துக்கு வருபவர். எனக்கு இருந்த கோபத்தில் சோப்பு நுரையை அவர் மூக்கு வரைக்கும் பூசிவிட்டேன். விஷயத்தைச் சொல்லிக்கொண்டே பாதிக் கன்னம் வழித்திருப்பேன். மனுஷன் துள்ளி எழுந்துவிட்டார்.

"என்னய்யா சொல்ற? விசாரிக்காமயே நீக்கினாங்களா? அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"எங்க கேட்டாங்க!"

"அப்ப அந்த உத்தரவு செல்லாதுய்யா! என்ன குத்தம்னு முதல்ல எழுத்துல சொல்லணும். பதில் சொல்ல நாள் குடுக்கணும். உக்கார வச்சு அவ தரப்பக் கேக்கணும். கூட ஒரு ஆள் வரலாம். இத்தனையும் முடிஞ்சாத்தான் முடிவு. அதுக்கும் மேல கல்வி அலுவலகத்துல முறையிடலாம். பள்ளி டைரி கடைசிப் பக்கத்துல இருக்கும், போய்ப் பாரு!"

பாதி முகம் வழித்த கோலத்தில் தெருவில் இறங்கி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். குபீரின் டைரியைத் தேடி எடுத்தோம். கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் விதிகள். நடுவில் அவள் ஒட்டியிருந்த பூனைப் படம். பூனையைச் சுரண்டி எடுத்தால் வால் பக்கம் பதினான்காவது விதி: மாணவரின் தரப்பைக் கேட்காமல் எவரையும் நீக்கக் கூடாது. அக்கா அதை மூன்று தடவை உரக்கப் படித்தாள். தெருவுக்கே கேட்டது. வக்கீல் குமாஸ்தா மறு கன்னத்தில் நுரை காய, முறையீட்டை எழுதி முடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை கல்வி அலுவலகத்தில் விசாரணை. நீள மேசை, மின்விசிறி, மூன்று பேர். நடுவில் ஒரு அதிகாரி அம்மா. கடுமையான ஜலதோஷம், ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு தும்மல். ஒரு பக்கம் கஞ்சி சாரும் பசை சாரும். மறுபக்கம் அக்கா, குபீர், துணைக்கு நான். வக்கீல் குமாஸ்தா முழு முகமும் வழித்து வெளியே நின்றார்.

அக்கா எழுந்து தொண்டையைச் செருமினாள். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். அதிகாரி அம்மா கையை உயர்த்தினார். "நீங்க உக்காருங்கம்மா. இது உங்க பொண்ணோட விசாரணை. அவ பேசட்டும்."

என் அக்காவை உட்காரச் சொல்லி அவள் உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வாய் மட்டும் ஒலியில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

"குத்தம் என்ன?" என்று கஞ்சி சாரைக் கேட்டார் அதிகாரி அம்மா.

"என் உரையை இழிவுபடுத்தினாள்."

"எப்படி?"

"சிரித்தாள்."

"எதுக்குச் சிரிச்சா?"

கஞ்சி சார் மின்விசிறியைப் பார்த்தார். "அது... கூரையில ஒரு சின்ன ஒழுக்கு."

"என்ன பேசும்போது?"

"ஒழுக்கம் மேலேயிருந்து வரவேண்டும் என்று..."

மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடக் குனிந்தார். நிமிரவே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. அதிகாரி அம்மா தும்முவது போல முகத்தை மூடிக்கொண்டார். எனக்குத் தெரியும், அது தும்மல் இல்லை. பிறகு பசை சாரிடம் திரும்பினார். "நீங்களும் அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் மேடம்."

"சிரிச்சீங்களா?"

பசை சார் கடிதத்தில் கோட்டை விட்டவர்தான். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். "குனிஞ்சு சிரிச்சேன் மேடம்."

"கடிதத்துல இருந்த இடைய யாரு எடுத்தது?"

"எந்திரம் மேடம்."

குபீரைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்தாள். சிரிப்பாளோ என்று அவள் வாயையே பார்த்தேன். சிரிக்கவில்லை. மெல்லிய குரல்; அக்கா குரலில் கால்வாசிகூட இல்லை.

"முதல்ல சிரிச்சது நான்தான் மேடம். அடக்கிப் பாத்தேன், முடியல. அது தப்புன்னா மூணு நாள் சரி, நான் இருந்துட்டேன். ஆனா ஏன் சிரிச்சேன்னு யாருமே என்னக் கேக்கல. கேட்டிருந்தா, ரெண்டாவது சொட்டு விழறதுக்குள்ள சார நகந்து நிக்கச் சொல்லணும்னு நெனச்சேன், அதுக்கு வாயத் தொறந்தேன், சிரிப்பு முந்திக்கிச்சுன்னு சொல்லியிருப்பேன்."

கஞ்சி சார் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

பத்து நிமிடத்தில் முடிவு சொன்னார்கள். கேட்காமல் நீக்கியது செல்லாது. விட்டுப்போன பாடங்களைப் பள்ளியே நடத்தித் தர வேண்டும். பெயர் பட்டியலில் சேர வேண்டும். நான் விசில் அடிக்க வாயில் விரலை வைத்துவிட்டேன். அக்கா இடித்த இடியில் விரலைக் கடித்துக்கொண்டேன்.

பசை சார் பட்டியலை எடுத்து நீட்டினார். அதிகாரி அம்மா பார்த்துவிட்டு, "அடிச்சுத் திருத்தினதெல்லாம் வாங்க மாட்டோம். புதுப் படிவம் தரேன், இங்கயே எழுதுங்க" என்றார். பசை சார் பேனாவைத் திறந்தார். "நீங்க இல்ல. தலைமையாசிரியர் எழுதட்டும். அப்பதான் என்ன எழுதியிருக்குன்னு படிப்பார்."

அறுபத்திரண்டு பெயர்கள். கஞ்சி சார் எழுதத் தொடங்கினார். "இவ பேரக் கடைசில சேத்துடறேன்" என்றார் தலை நிமிராமல்.

"என் எடம் நாப்பத்தொண்ணு சார்" என்றாள் குபீர்.

ஒரு நிமிடம் பேனா நின்றது. பிறகு நகர்ந்தது. நாங்கள் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தோம். நாற்பது வந்தது. நாற்பத்தொன்றில் பழைய பட்டியலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பசை சார் அடித்த அடியில் ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை.

"பேர் சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். எழுதினார்.

"இனிஷியல்?"

"அம்மாவோடது சார்."

அவர் முதல் தடவையாக அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "உங்க பேர் என்னம்மா?"

பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு வண்டியின் பெயரையும் ஊருக்குக் கேட்கச் சொன்னவளுக்குத் தன் பெயர் வாயிலிருந்து வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

குபீர்தான் சொன்னாள். அறை முழுக்கக் கேட்கும்படி, சத்தமாக, அம்மாவின் பெயரைச் சொன்னாள். கஞ்சி சார் அதன் முதல் எழுத்தை எழுதி, புள்ளி வைத்துவிட்டு, நாற்பத்திரண்டாவது பெயருக்குப் போனார்.